மெர்சி என்றால் வேண்டாம்: ஓரியாக்கில் ஏழு மாதம்

பிரான்ஸிலிருந்து திரும்பியதும் ஊரில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஈஃபில் டவர் பார்த்தியா?" பார்த்தேன், ஒரு சாயங்காலம். மற்றபடி நான் இருந்ததெல்லாம் ஓரியாக்கில். நாட்டின் நடுவே, காந்தால் என்கிற மலை மாவட்டத்தின் தலைநகர். தலைநகர் என்று பெயர்தான், ஜனத்தொகை இருபத்தைந்தாயிரம் சொச்சம். எங்கள் பட்டுக்கோட்டையே அதைவிடப் பெரிது.

போனது ஆங்கில உதவி ஆசிரியை வேலைக்கு. பல நாடுகளிலிருந்து இப்படி ஆட்களை வரவழைத்து, பள்ளிகளில் பிள்ளைகளோடு அவரவர் மொழியில் பேச வைக்கிறார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வாரம் 12 மணி நேரம், மாதம் கையில் 800 யூரோ அளவில். அப்போது ஒரு யூரோ எண்பது ரூபாய்க்கு மேல். பெருக்கிப் பார்த்து அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அங்கே போய் வகுத்துப் பார்த்தது நான்தான்.

தினமும் ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததில் சில நாட்களை மட்டும் இங்கே போடுகிறேன்.

2018 அக்டோபர் 2, செவ்வாய்

கிளெர்மோன் ஃபெரானில் ரயில் ஏறினேன். இரண்டே பெட்டி. லியோரான் சுரங்கத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பச்சை மலைச்சரிவு, அதில் செம்மண் நிறத்தில் சலேர் மாடுகள். கொம்பு இரண்டும் மேல்நோக்கி வளைந்து விரிந்திருக்கிறது. எங்கள் உம்பளச்சேரி மாட்டைப் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும்.

ஸ்டேஷனில் இறங்கி இருபதடி நடப்பதற்குள் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. 23 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஈரக் கல் பாவிய தெருவில் ஏறினேன். எதிரே வந்தவர்கள் அத்தனை பேரும் "போன்ஜூர்" சொன்னார்கள். ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை.

இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. வாடகை 290 யூரோ. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "ஹீட்டரைப் பார்த்துப் போடுங்கள், டிவியில் வானிலை சொல்லும்போது குளிருக்கென்றே எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள்" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்டோபர் 4, வியாழன்

ஆசிரியர் அறையில் முதல் நாள். இங்கே கைகுலுக்குவது தலைமையாசிரியரோடு மட்டும்தான் போலிருக்கிறது. மற்றவர்களெல்லாம் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காற்றில் ஒரு 'ப்ச்'. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. கல்லூரியில் பாடமாகப் படித்ததுதான், ஆனால் கணக்கு வாத்தியார் ஒருவர் தாடியோடு முகத்தைக் கிட்டே கொண்டுவரும்போது படிப்பெல்லாம் எங்கே நிற்கிறது? இரண்டு என்று மனதில் எண்ணிக்கொண்டு ஒருவழியாகச் சமாளித்தேன். கடைசியாக வந்த அம்மா பக்கத்து லொசேர் மாவட்டமாம், அவர்கள் ஊரில் மூன்று. நான் இரண்டோடு நிமிர, அவர் மூன்றாவதற்குச் சாய, என் மூக்குக் கண்ணாடி அவர் காதில் மாட்டிக்கொண்டது.

மதியம் கேண்டீன். மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன் என்றேன். பரிமாறிய அம்மா புரிந்தது என்று தலையாட்டிவிட்டு, பயறும் குட்டிக்குட்டி ரோஸ் துண்டுகளும் கலந்த ஒன்றைத் தட்டில் வைத்தார். இது என்ன என்று காட்டினேன். "அது கறி இல்லை, லார்தோன்!" லார்தோன் என்றால் உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு. அவர் கணக்கில் அது கடுகு, கறிவேப்பிலை மாதிரி.

ரொட்டியும் சீஸும் ஆப்பிளும் தின்று எழுந்தேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று கேள்விப்பட்டதுதான். இந்த அளவுக்கு இருக்காது என்று நினைக்கவில்லை. பத்து மணிக்கு எழுந்து, பன்னிரண்டரைக்கு அரிசி வாங்கக் கிளம்பினேன். ரொட்டிக்கடையும் அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தது. ஊருக்குள் ஓடும் ஜோர்தான் ஆற்றங்கரையில் ஒரு கிழவரும் நாயும். நாய்க்கும் சேர்த்து போன்ஜூர் சொன்னேன்.

ஏழு மணிக்கு ஒரு கபாப் கடையில் விளக்கு எரிந்தது. உருளைக்கிழங்கு வறுவலோடு ஒரு கோழி கபாப் 6 யூரோ. கடைக்காரர் துருக்கிக்காரர். "எந்த ஊர்? அம்மா, அப்பா இருக்கிறார்களா? எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள்? சம்பளம் எவ்வளவு?" என்று வரிசையாகக் கேட்டார். வந்து ஐந்து நாளில் என்னை விசாரித்த முதல் ஆள் இவர்தான். கண் கலங்கிவிட்டது, காரமான சாஸ் என்று சமாளித்தேன். காசு வாங்கும்போது ஒரு டீ கொடுத்து, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

அக்டோபர் 12, வெள்ளி

வகுப்பில் பதினெட்டு பிள்ளைகள். வீட்டில் பாம்பு வருமா (வரும்), யானை மேல் போவீர்களா (இல்லை), நீங்கள் பேசுவது 'இந்திய' மொழிதானே (அரை மணி நேரம் போயிற்று). வரைபடத்தில் ஊரைக் காட்ட, பக்கத்தில் தெரிந்த பெயராக இருக்கட்டுமே என்று பாண்டிச்சேரியைக் காட்டினேன். வகுப்பே எழுந்து கத்தியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சுப் பள்ளியில் பிளஸ் டூ மாதிரியான 'பாக்' பரீட்சை அப்போதெல்லாம் பிரான்ஸைவிட முன்னாடியே நடந்துவிடும். அந்தக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டுதான் பிரான்ஸ் முழுக்கப் பிள்ளைகள் பழகுவார்கள். கடற்கரையும் மஞ்சள் சுவரும் இவர்களுக்குத் தெரியாது. பாண்டிச்சேரி என்றால் கணக்குப் பரீட்சை. பின்வரிசைப் பையன் ஒருவன், "மதாம், அங்கே கேள்வி எடுக்கிறவரைத் தெரியுமா?" என்று கேட்டான்.

அக்டோபர் 19, வெள்ளி

நாளையிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை. கையில் 61 யூரோ.

சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும், அதற்குக் கரண்டு பில் வேண்டும். என் பெயரில் கரண்டு எழுத வங்கிக் கணக்கு வேண்டும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே பெண் அதே புன்னகையோடு அதையே சொன்னாள். கடைசியில் வீட்டுக்காரர் 'இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்' என்று கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தில் வேலை முடிந்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள். ஆனாலும் இந்த மாதச் சம்பளத்துக்கு என் பெயர் போய்ச் சேரவில்லை. இனி நவம்பரில்தான்.

என் பொறுப்பாசிரியை, ஆங்கிலம் எடுப்பவர், விஷயம் தெரிந்ததும் கேட்டார்: "உங்களுக்குப் பணம் ஏதாவது வேண்டுமா?" வாய் தன்னால் சொன்னது: "ஐயோ, வேண்டாம், பரவாயில்லை." அவர் "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நம்மூராக இருந்தால் அதற்குப் பிறகுதானே பேச்சே ஆரம்பிக்கும்? "அட சும்மா வச்சுக்க" என்று கையில் திணிக்கும் கட்டம் வரவே இல்லை. பத்து நாளுக்குச் சோறும் முட்டையும்.

நவம்பர் 6, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் 5 யூரோவுக்கு வாங்கிய குடை இன்று பாலத்தில் காற்றில் மல்லாந்துவிட்டது. ஒரு காலத்தில் ஓரியாக் குடைத் தொழிலுக்குப் பேர் போன ஊர், இன்றைக்கும் செய்கிறார்கள். கடை ஜன்னலில் விலை பார்த்தேன். என் வாடகையில் நாலில் ஒரு பங்கு.

உடைந்த குடையைக் குப்பைத் தொட்டியில் சொருகும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். ஒரு மாதமாக "போன்ஜூர் மதாம்" தவிர எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. குடையைத் தொட்டியிலிருந்து உருவினார், விரித்துப் பார்த்தார், "அசிங்கம்" என்றார். குடையைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் குடைப் பட்டறையில் தையல் வேலை பார்த்தாராம்.

அவர் சமையலறையில் உட்காரச் சொன்னார். விரலில் தொப்பி மாட்டிக்கொண்டு, நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்து, துணி கழன்ற ஒவ்வொரு கம்பி நுனியிலும் நாலு தையல். மூன்று சுற்றி, ஒன்று உள்ளே. எட்டுக் கம்பியில் ஐந்து கழன்றிருந்தன. வளைந்த கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினார். இருபது நிமிடத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லது மத்மஸேல், நல்ல சாயங்காலமாக இருக்கட்டும்" என்று எழுந்து நின்றார். அதாவது, போய் வரலாம். ஒரு காபி கேட்கவில்லை. தைத்ததற்குக் காசும் கேட்கவில்லை.

நவம்பர் 10, சனி

முதல் விருந்தழைப்பு! பொறுப்பாசிரியை வீட்டில் ஏழரைக்கு. சரியாக ஏழரைக்குப் போய் மணி அடித்தேன். அவர் தலையில் துண்டோடு வந்து திறந்தார். கால் மணி நேரம் தாமதமாகப் போவதுதான் இங்கே மரியாதையாம். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடுவதில்லை.

ஆறு பேர். ஒன்பது மணி வரை குடிப்பதும் கொறிப்பதும். அப்புறம் மேஜைக்கு அழைத்து, "இன்று எங்கள் ஊர் பூந்தி செய்திருக்கிறேன்" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. பூந்தி! வந்தது கேக் மாதிரி ஒரு பழுப்புப் பாளம். உள்ளே கீரை, உலர்ந்த பிளம் பழம், பன்றிக்கறி. பெயர் மட்டும் அப்படியே பூந்தி. எனக்காக ஒரு ஓரம் பன்றி போடாமல் செய்திருந்தார் என்பதை அப்புறம்தான் சொன்னார். இனிப்பும் கீரையும் சேர்ந்து வாயில் ஒரு குழப்பம். இரண்டாவது வாயிலிருந்து பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சோகம். கோழி வந்தது. வெண்ணெயில் முக்கால் மணி நேரம் வெந்த கோழி. ஒரு துண்டு முடித்தேன். "இன்னும் கொஞ்சம்?" என்று பாத்திரத்தை நீட்டினார். ஆசையோடு "மெர்சி", அதாவது நன்றி, என்றேன். பாத்திரம் என்னைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போய்விட்டது.

கேட்டதற்கு 'மெர்சி' என்று மட்டும் சொன்னால், இங்கே 'வேண்டாம், நன்றி' என்று அர்த்தம். வேண்டும் என்றால் 'வொலோன்தியே' என்று சொல்ல வேண்டும், சந்தோஷமாக என்று பொருள். கல்லூரியில் ஐந்து வருஷம் பிரெஞ்சு படித்தவளுக்கு இதைப் பாத்திரம் கைமாறிய பிறகு கணக்கு வாத்தியார் விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் கோழி முடிந்துவிட்டது.

சீஸ் தட்டு ஒரு சுற்றுதான் வரும், இரண்டாம் முறை எடுக்கக் கூடாது என்பதையும் அன்றே கற்றேன். இதற்கும் விளக்கம் தேவைப்பட்டது என்றால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 16, வெள்ளி

கஜா புயல். நேற்று ராத்திரி வேதாரண்யம் பக்கம் கரை கடந்திருக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாறி மாறி அடிக்கிறேன், இருவர் எண்ணும் தொடர்பு எல்லைக்கு வெளியே. சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ போட்ட படத்தில் தென்னை மரங்கள் சீப்பில் வாரியது மாதிரி ஒரே பக்கம் படுத்திருக்கின்றன. எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளியில் யாருக்கும் புயல் தெரியாது. எல்லோரும் நாளைய பெட்ரோல் போராட்டத்தைப் பற்றியே பேசினார்கள். பொறுப்பாசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் ஏதாவது செய்யட்டுமா?"

இவர் ஒரு தடவைதான் கேட்பார் என்று இப்போது தெரியும். "ஆமாம், நாளைக்குத் தனியாக இருக்க முடியாது" என்றேன். "சரி, ஒன்பது மணிக்கு வருகிறேன். கிராமத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள்." அவ்வளவுதான். முதுகில் தட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை.

நவம்பர் 17, சனி

ஒன்பது மணிக்கு கார் நின்றது. ஊரைத் தாண்டும் ரவுண்டானாவில் மஞ்சள் சட்டைக்காரர்கள் மறித்திருந்தார்கள். நாடு முழுக்க இன்று இதுதான். வண்டி பழுதானால் போட்டுக்கொள்ள எல்லாக் காரிலும் ஒரு மஞ்சள் சட்டை இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதையே கொடியாக்கிவிட்டார்கள். டீசல் மேல் வரி ஏற்றியதுதான் தீப்பொறி. இங்கே கோபம் அதற்கு முன்னாலேயே இருந்தது. ஜூலையில் நாட்டுப்புறச் சாலைகளில் வேகத்தை 90-லிருந்து 80-ஆகக் குறைத்தார்கள். "பாரிஸில் மெட்ரோவில் போகிறவன் எனக்குச் சொல்கிறான்" என்றார் பொறுப்பாசிரியை. பள்ளிக்கு வர மட்டும் தினம் 70 கிலோமீட்டர் ஓட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பஸ் என்று ஒன்றை எதிர்பார்த்து யாரும் வாழ முடியாது.

முக்கால் மணி நேரம் நின்றோம். மரப்பலகைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். ஒரு பாட்டி ஜன்னலைத் தட்டி காபி கொடுத்தாள். நான் எங்கிருந்து என்று ஒருவர் கேட்க, புயலைச் சொன்னேன். சொன்னதும் நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள். என்ன பயிர், எத்தனை மரம், இன்சூரன்ஸ் உண்டா, அரசாங்கம் எப்போது வரும். எல்லாமே விவசாயிகள் கேட்கும் கேள்வி. ஒரு மரம் காய்க்க எத்தனை வருஷம் என்று ஒரு மாட்டுக்காரர் கேட்டார். ஆறேழு என்றேன். அவர் விசில் மாதிரி மூச்சு விட்டுவிட்டு, நெருப்பில் சுட்டுக்கொண்டிருந்த சாஸேஜ் ஒன்றை ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். பன்றி. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ரவுண்டானா தாண்டியதும் பொறுப்பாசிரியை சாப்பிட்டார்.

மாலை நாலு மணிக்கு அம்மாவே யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டாள். "நாங்க நல்லாருக்கோம்டி. தோப்புல அறுபதுல நாப்பத்தொண்ணு போச்சு. நீ சாப்பிட்டியா?"

2019 ஜனவரி 15, செவ்வாய்

டிசம்பரைத் தாண்டிவிடுகிறேன். பிள்ளைகள் பள்ளி வாசலில் குப்பைத் தொட்டிகளை அடுக்கிப் போராடினார்கள், நான் பாரிஸ் போனேன். பாரிஸைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்று பொங்கல். நாலரை மணி நேரம் முந்தியே அங்கே பொங்கி முடித்துவிட்டார்கள். காலை எட்டரைக்கு வகுப்பு என்பதால் ஏழு மணிக்கே, இருட்டில், சின்ன ஹாட்பிளேட்டில் வைத்தேன். வெல்லம் இல்லை, பழுப்புச் சர்க்கரை. பால் பொங்கி ஹாட்பிளேட்டில் வழிந்து, புகைக் கருவி அலறியது. கீழ் வீட்டு மதாம் நைட்டியோடு மாடி ஏறி வந்துவிட்டார். பால் பொங்குவதுதான் பண்டிகையே என்று விளக்கினேன். "வேண்டுமென்றே பொங்க விடுவீர்களா?" என்றார். ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

மதியம் ஆசிரியர் அறையில் அவர்கள் பண்டிகை மிச்சம். ஜனவரி முழுக்க 'ராஜா கேக்' வெட்டுகிறார்கள். உள்ளே பாதாம் விழுது, எங்கேயோ ஒரு சின்னப் பீங்கான் பொம்மை. யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு போட, கூட்டத்தில் இளையவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, "இந்தத் துண்டு யாருக்கு?" என்று கேட்கக் கேட்கப் பெயர் சொல்ல வேண்டும். இளையவள் நான். சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் போன பிறகுதான் உறைத்தது: மூன்று மாதமாகத் தினமும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிய பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது! யாரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவே இல்லை.

"நீல ஸ்வெட்டர் சாருக்கு!" என்றேன். மேலே ஒரே சிரிப்பு. "லொசேர் மதாமுக்கு! மூன்று முத்தம் மதாமுக்கு!" அன்றைக்கு எல்லோரும் ஒவ்வொருவராக மேஜைக்கு அடியில் குனிந்து பெயர் சொன்னார்கள்.

பிப்ரவரி 9, சனி

சந்தை. வெயில், ஆனால் விரல் மரத்துப்போகும் குளிர். காந்தால் சீஸ் ஒவ்வொன்றும் உரல் அளவு, நாற்பது கிலோ வரை இருக்குமாம். இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று மூன்று பருவம். நான் நடுத்தரக் கட்சி. முதிர்ந்தது நாக்கைக் கடிக்கும். கால் கிலோ 4 யூரோவுக்குள். கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் கம்பியை எடுத்துவிடுகிறார்.

பக்கத்தில் தேன் விற்கும் பெண் வீட்டுக்கு வரச் சொல்லி போன் நம்பர் சொன்னாள். இந்த மொழியில் எழுபத்தெட்டு என்பது 'அறுபது-பதினெட்டு', தொண்ணூறு 'நாலு இருபது பத்து'. அவள் 'அறுபது' என்றதும் 60 எழுதிவிடுவேன், பின்னாலேயே 18 வரும். போன வாரம் வேறொருவர் நம்பரை இப்படி எழுதி, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பலகாரம் கொண்டுவரட்டுமா" என்று முன்பின் தெரியாத யாருக்கோ செய்தி அனுப்பினேன். "நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஆற்றங்கரையில் ஷெர்பேர் சிலை நிற்கிறது. இந்த ஊர் மடத்தில் படித்து, 999-இல் இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் போப் ஆனவர். நம் நாட்டில் பிறந்து அரபுக்காரர்கள் வழியாக ஸ்பெயின் வரை வந்த எண்களைக் கற்று, கிறிஸ்தவ ஐரோப்பாவில் முதன்முதலில் பரப்பியவர்களில் ஒருவர். சிலைக்கு முன்னால் நின்று சொன்னேன்: இவ்வளவு தூரம் கொண்டுவந்தீர்கள் சாமி, தொண்ணூறுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கலாம்.

மாலை மதாம் வீட்டில் காபி. ஆம், பொங்கலுக்குப் பிறகு காபி உண்டு. கோழி கைமாறிய கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாவது தடவை வேண்டாம் என்பது பழக்கம், மூன்றாவது தடவை கேட்டால்தான் தட்டை நீட்டுவோம் என்றேன். அவர் சர்க்கரையைக் கலக்குவதை நிறுத்திவிட்டார்.

"அப்படியானால் வேண்டாம் என்று சொன்னவரை நீங்கள் நம்புவதே இல்லையா?"

நான் இத்தனை நாளும் அவர்களுக்கு மனசு இல்லை என்று நினைத்திருந்தேன். அவருக்கோ, இரண்டாவது முறை கேட்பது அடுத்தவர் பேச்சை மதிக்காதது. வேண்டாம் என்றவளை வற்புறுத்த நான் யார் என்பதுதான் அவர் நியாயம். எனக்கு இன்னமும் நம்மூர் வழிதான் பிடிக்கிறது. ஆனால் அக்டோபரில் காரில் ஏறிப் போனவர் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

ஏப்ரல் 15, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. ஏழு மணி வாக்கில் மதாம் என் கதவைத் தட்டினார். பொங்கலன்று புகைக்கு ஓடி வந்ததைத் தவிர, இதுவரை தட்டியதில்லை. "வாருங்கள், டிவியைப் பாருங்கள்." பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயம் எரிந்துகொண்டிருந்தது.

இவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, பாதிரியார்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோபுரம் முறிந்து விழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததை விடவே இல்லை. "நான் பாரிஸுக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன்" என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி. பத்து மணிக்கு சூப் சூடாக்கி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 27, சனி

திங்கட்கிழமை ரயில். பெட்டிக்குப் புதுச் சக்கரம் மாட்ட 12 யூரோ கேட்டார்கள், கயிற்றால் கட்டிவிட்டேன். சீஸ் கடைக்காரர் கால் கிலோவுக்கு அரை கிலோ வெட்டி, கால் கிலோவுக்குத்தான் காசு வாங்கினார். அம்மா நாற்றம் தாங்காமல் கொல்லையில் வைக்கப் போகிறாள்.

இரவு மதாம் வீட்டில் த்ரூஃபாத். இந்த மலைக்காரர்களின் சோறு அது. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். எனக்காக வெண்ணெய். பாதி வெந்ததும் பூண்டு. அப்புறம் இன்னும் பழுக்காத இளம் சீஸ். வாயில் போட்டால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி மேலே தூவி, தீயைக் குறைத்துவிட்டு மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருந்தார். கரண்டியைத் தூக்கினால் நூல். இன்னும் தூக்கினால் கை நீளத்துக்கு நூல், அறாமல். "இப்போது" என்று அடுப்பை அணைத்தார். அடியில் பொன்னிறமாக ஒட்டியிருந்ததைச் சுரண்டி என் தட்டில்தான் முதலில் வைத்தார். நம்மூரில் காந்தலுக்குச் சண்டை போடுவோமே, அந்த ருசி.

முழுத் தட்டும் முடித்தேன். வயிறு நிறைந்துவிட்டது, உண்மையாகவே.

"இன்னும் கொஞ்சம்?"

"வேண்டாம், மெர்சி."

சட்டியை இறக்கி வைக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்?"

"ஐயோ மதாம், நிஜமாகவே போதும்."

இரண்டு விரல். முகத்தில் சிரிப்பில்லை, குடைக்கம்பியை நிமிர்த்தும்போது இருந்த அதே கவனம். "இன்னும் கொஞ்சம்?"

தட்டை நீட்டினேன்.